எர்த்

முப்பத்தொரு வருஷம் கம்பம் ஏறினவன்
குளியலறையில் விழுந்தேன்.

குந்தாவிலிருந்து கெத்தை வரைக்கும்
எந்தக் கம்பம் எந்தப் பக்கம் சாயும் என்று
தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.
எமரால்டு பக்கம் சீகை மரம் முறிந்து
லைன் அறுந்த ராத்திரி
இடுப்புக் கயிற்றை நம்பிப் பின்னால் சாய்ந்து
காற்றுக்கு முதுகு கொடுத்து பீடி பற்றவைத்திருக்கிறேன்.
விழுந்தது
ஒரு வாளியைத் தாண்டும்போது.
கரண்ட் இல்லை அப்போது.
அதையும் சொல்லிவிடுகிறேன், சிரித்துக்கொள்ளுங்கள்.

இடுப்பு தப்பியது. மணிக்கட்டுதான்.
ஆறு வாரக் கட்டைப் பிரித்த பிறகும்
சுவரைத் தொடாமல் நடக்க மனம் வரவில்லை.
கட்டிலிலிருந்து கழிப்பறை வரை
வெள்ளைச் சுவரில் என் கை அழுக்கு
ஒரே கோடாக ஓடியது.
"ரிட்டையர் ஆன பிறகும் லைன் இழுக்கிறீங்க"
என்றாள் ஜெபசீலி.

மஞ்சூர் ஆஸ்பத்திரியில் வியாழக்கிழமை வகுப்பு.
பிசியோதெரபிஸ்ட் ஃபர்ஹானா
ஸ்வெட்டர் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு
"கை ஊன்றாம எழுந்திருங்க" என்றாள்.
நாற்காலியை விட்டு எழுந்திருக்கவா
பஸ் ஏறி வந்தேன்?
முதல் தடவை எழவில்லை.
இரண்டாம் தடவை எழுந்தேன்,
அறை முழுக்கக் கேட்கும்படி ஒரு முனகலோடு.

எட்டுப் பேர் நாங்கள்.
ரோலர் ரூம் இரைச்சலில் காது போன போஜன்
குதிகாலைத் தூக்கச் சொன்னால் கையைத் தூக்குவார்.
கேரட் கழுவும் மிஷின் வைத்திருந்த மாதி
வெள்ளை முண்டை இறுக்கிக்கொண்டு
ஒற்றைக் காலில் முப்பது எண்ணுவார்.
எண்ணுவது படுகுவில்,
சரிபார்க்க எனக்கு வழியில்லை.
ஒருநாள் விசாரித்துப் பார்த்தோம்.
எட்டுப் பேரும் விழுந்தது சமதரையில்.
"மேட்டுல பயம் இருந்துச்சு" என்றார் மாதி,
காலைக் கீழே வைக்காமலே.

வீட்டில், காலையில், சமையல் மேடை ஓரம்.
முதல் வாரம் இரண்டு கையும்.
அப்புறம் ஒரு கை.
அப்புறம் இரண்டு விரல்.
வலது கால் ஒரு குக்கர் விசிலுக்குத் தாங்கும்.
இடது கால்
நாலு எண்ணுவதற்குள் நடுங்கும்.
கணுக்காலுக்குள்ளே யாரோ ஓடி ஓடி
நாலு பக்கமும் ஸ்டே கம்பியை இழுத்துப் பிடிக்கிறார்கள்.
"ஆடட்டும், ஆடுறதுதான் பயிற்சி"
என்று சொல்லியிருக்கிறாள் ஃபர்ஹானா.
கம்பம் ஆடினால் புகார் எழுதுகிறவன் நான்.
பழகக் கொஞ்ச நாள் ஆனது.

சிமெண்டுத் தரையில் ஒரு இணைப்புக் கோடு.
அதன் மேல், குதிகாலைப் பெருவிரலில் இடித்து இடித்து
ஜன்னல் வரை, திரும்பி அடுப்பு வரை.
நாங்கள் கம்பி மேல் நடப்போம் என்று
ஊரில் பாதிப் பேர் நம்பினார்கள்.
நடந்ததே இல்லை. இப்போதுதான்.

புது வீட்டுக்கு லைன் கொடுக்குமுன் எர்த் பார்ப்போம்.
குழியில் உப்பும் கரியும் போடுவோம்,
கோடையில் தண்ணீர் ஊற்றச் சொல்வோம்.
ஒருத்தரும் ஊற்ற மாட்டார்கள்.
என் உள்ளங்காலை
எழுபது வருஷமாக நானும் கவனித்ததில்லை.

நேற்று, பாத்திரம் கழுவிக்கொண்டே
ஜெபசீலி ஒரு காலைத் தூக்கியிருந்தாள்.
நான் பார்த்ததும் இறக்கிவிட்டாள்.
நான் ஒன்றும் கேட்கவில்லை.

ராத்திரி மேல் தெருவில் டொப் என்று ஒரு சத்தம்.
ஃபியூஸ். கண்ணை மூடியபடியே தெரியும்.
மலை முழுக்க ஒரே இருட்டு, மேலே பனி.
கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன்.
கை ஊன்றாமல் எழுந்தேன்.
நடு அறையில்
சுவர் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.
நின்றேன்.
தரை ஜில்லென்றது.
பெருவிரலுக்கு அடியில் அந்த இணைப்புக் கோடு,
அதைத் தாண்டி மிதியடியின் பிசிர்.
ஆடினேன். ஆடவிட்டேன்.

திரும்பி வந்து படுத்ததும்
"சுவரைப் பிடிச்சீங்களா?" என்றாள் இருட்டிலிருந்து.
"ஒரு தடவை."

வாளியை மூலைக்குத் தள்ளி வைத்ததை
அவளிடம் சொல்லவில்லை.